மதுரைக் கால், கண்மாய்த் தண்ணி, ஒரு பேத்தாலஜி டிபார்ட்மெண்ட்

எம்பிபிஎஸ்க்கு அப்புறம் படிக்கிற பிஜி சீட்டுக்கு கவுன்சிலிங் சீசன் வந்துட்டா போதும், "அக்கா பேத்தாலஜி எடுக்கலாமா, ஸ்கோப் இருக்கா, பின்னாடி எதுல ஸ்பெஷலைஸ் பண்ணலாம்"னு ஜூனியர் பசங்க வாட்ஸப்ல வரிசை கட்டிருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டே தொண்ட வத்திப் போச்சு. அதான் ஒரே தடவையா இங்க எழுதிப் போட்டுட்டு இனிமே லிங்க்கை அனுப்பிரலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீயை வாங்கி வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல ஒண்ணு. வெளிய இருக்குறவங்களுக்கு பேத்தாலஜினா ரத்தம், மூத்திரம் டெஸ்ட் பண்ற எடம். எங்க பெரியப்பா இப்ப வரைக்கும் "பாப்பா லேப்ல வேல பாக்குது"ன்னுதான் சொல்லுவாரு, நானும் திருத்துறத விட்டுட்டேன். நெசத்துல ஒடம்புல இருந்து எடுத்த திசு, செல்லு, ரத்தத்தப் பாத்து என்ன நோய்னு சொல்ற வேல இது. ஆனா எம்பிபிஎஸ் முடிச்ச பசங்களே அப்புடித்தான் நெனைக்கிறாங்கன்னா அதுக்கு காரணம் செகண்ட் இயர்ல நாங்க அவங்களுக்குக் காட்டுற ஸ்லைடு பெட்டிதான். ஒரே பழைய ஸ்லைடு, கலரெல்லாம் வெளிறிப் போய், "இது டிபி, இது அப்பெண்டிசைடிஸ், படம் வரைஞ்சு கலர் அடிச்சுட்டு வா"ன்னா யாருக்கு ஆச வரும் சொல்லுங்க. அந்தப் பெட்டிக்குப் பின்னாடி ஒரு டிபார்ட்மெண்ட் முழுசா ஓடிக்கிட்டு இருக்குங்குறது கண்ணுலயே படாது.

ஒரு மெடிக்கல் காலேஜ் பேத்தாலஜில பொதுவா ஹிஸ்டோபேத்தாலஜி (திசு), சைட்டாலஜி (செல்லு), ஹிமட்டாலஜி (ரத்தம்), கிளினிக்கல் பேத்தாலஜின்னு (மூத்திரம் மாதிரி டெஸ்ட்டு) செக்சன் பிரிச்சிருப்பாங்க. பிளட் பேங்க் முன்ன பல எடத்துல பேத்தாலஜிகாரங்க கையிலதான் இருந்துச்சு, இப்ப டிரான்ஸ்ஃபியூஷன் மெடிசின்னு தனி எம்டி வந்து தனிக்குடித்தனம் போயிக்கிட்டு இருக்கு. அப்புறம் மியூசியம், அட்டாப்சிங்குற பிரேதப் பரிசோதனை. இது போக ஐஹெச்சி (திசுல குறிப்பிட்ட புரதம் இருக்கான்னு கலர் ஏத்திப் பாக்குறது), எங்கயாச்சும் காசு இருந்தா ஜீன் பாக்குற மாலிகுலர் லேப். பிஜி பசங்க ஒவ்வொண்ணுலயும் மாத்தி மாத்தி போஸ்டிங் போவாங்க. இதெல்லாம் சிலபஸ்ல இருக்குற விஷயம், கூகுள் பண்ணா கெடைக்கும். நான் சொல்ல வர்றது வேற, அதுக்கு கடைசியில வர்றேன்.

ஹிஸ்டோபேத்தாலஜிதான் தாய்வீடு. ஆபரேஷன்ல எடுத்த எல்லாமே இங்கதான் வரணும், கர்ப்பப்பை, பித்தப்பை, மார்பகம், தைராய்டு, கால், சில நேரம் ஒரு கொழந்தையோட கண்ணு. கிராசிங் டேபிள்ல, அதாவது வந்த உறுப்ப வெட்டிப் பாக்குற மேசைல நின்னு கைல வாங்கி, அளந்து, வெட்டி, எந்த எடத்துல இருந்து துண்டு எடுக்கணும்னு முடிவு பண்றதுலதான் பாதி டயக்னோசிஸ் இருக்கு. மைக்ராஸ்கோப்ப பெருசா பேசுவாங்க, ஆனா தப்பான எடத்துல துண்டு எடுத்தா எம்புட்டு பெரிய மைக்ராஸ்கோப் வச்சிருந்தும் பிரயோஜனம் இல்ல. எங்க சார் ஒருத்தர் பிஜிகிட்ட "ஸ்லைடு நாளைக்கும் இருக்கும்ப்பா, ஸ்பெசிமன வெட்டிட்டா பழையபடி ஒட்ட முடியாது, நிதானமா பாரு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.

அந்தக் கண்ணு விஷயத்தையே சொல்றேன். ரெட்டினோபிளாஸ்டோமான்னு சின்னப் புள்ளைகளுக்கு கண்ணுல வர்ற புத்துநோய். ஆர்பி1ன்னு 13வது குரோமோசோம்ல இருக்குற ஜீன் கெட்டுப் போறதுல வர்றது. கண்ண எடுத்து அனுப்புனா நேரா நடுவுல வெட்டிரக் கூடாது. மொதல்ல பின்னாடி இருக்குற ஆப்டிக் நரம்போட வெட்டுன முனைய தனியா எடுத்து தனி கேசட்ல போட்டுறணும், அப்புறம்தான் கண்ணத் தெறக்கணும். ஏன்னா இந்தக் கட்டி ரொம்ப லேசா உதிரும், கண்ணத் தெறந்துட்டு அதே கத்தியால நரம்ப வெட்டுனா உதிரி செல்லு அதுல ஒட்டிக்கிட்டு நரம்பு வரைக்கும் பரவிருச்சுன்னு காட்டிரும். நரம்பு முனையில கட்டி இருக்கா இல்லையாங்குறதுதான் அந்தப் புள்ளைக்கு அடுத்து எவ்ளோ ட்ரீட்மெண்ட்டுங்குறத முடிவு பண்ணுது. ஒரு கத்தி எந்த வரிசையில போகுதுங்குறதுல இம்புட்டு இருக்கு. ஆப்தல்மிக் பேத்தாலஜின்னு தனி ஸ்பெஷாலிட்டியே இருக்கு, 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 பெட்டோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இதே ஊர்லதான இருக்கு, மதுரைல படிக்கிற பசங்க ஒரு நடை போயி கண்ணு பேத்தாலஜின்னா என்னன்னு பாத்துட்டு வந்தா என்ன கொறஞ்சு போச்சுன்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

ரிப்போர்ட் ஏன் லேட்டாகுதுன்னு எல்லாரும் திட்டுவாங்க. உசிலம்பட்டில இருந்து ஒரு அண்ணன் மஞ்சப்பையில பாட்டிலோட வந்து, "ஏம்மா காலைல குடுத்தா சாயங்காலம் தந்துருவீகளா, கடைசி பஸ்ஸு போயிரும்"னு கேக்குறாரு. என்னத்த சொல்றது. பார்மலின்ல, அதாவது திசு கெடாம வைக்கிற மருந்துத் தண்ணில துண்டு ஊறணும், அப்புறம் ஆல்கஹால், சைலின், மெழுகுன்னு ராத்திரி முழுக்க ப்ராசஸர்ல ஓடணும், மறுநா பிளாக் போட்டு மைக்ரோடோம்ல 3, 4 மைக்ரான் கனத்துல சீவி, தண்ணில மெதக்க விட்டு கண்ணாடில ஏத்தி, ஹெமடாக்சிலின் இயோசின் (எச் அண்ட் இ) சாயம் போட்டு, அதுக்கப்புறம்தான் நாங்க பாக்கவே முடியும். எலும்பா இருந்தா ஆசிட்ல போட்டு மெதுவாக்கவே நாள் கணக்குல ஆகும். அதையும் மீறி ஐஹெச்சி போடணும்னா இன்னும் ரெண்டு மூணு நாள். இதெல்லாம் அந்த அண்ணன்கிட்ட சொன்னா, "சரித்தா, ஒரு வாரம்னே வச்சுக்குறேன், போன் நம்பர் எழுதிக்க"ன்னுட்டு போயிட்டாரு. அம்புட்டுதான், நெறைய பேரு சொன்னா புரிஞ்சுக்குவாங்க, நாமதான் சொல்றதில்ல.

ஆனா அவர் கொண்டுவந்த பாட்டில்ல இருந்த கதைதான் வயித்தெரிச்சல். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், மார்பகக் கட்டிய சலைன்ல, அதாவது உப்புத் தண்ணில போட்டு அனுப்பியிருக்காங்க. சலைன்ல போட்டா திசு அழுக ஆரம்பிச்சிரும். மார்பகப் புத்துநோய்க்கு ஈஆர், பிஆர், ஹெர்2ன்னு மூணு ரிசப்டர் பாத்துத்தான் மாத்திரையா, ஊசியா, எந்த மருந்துன்னே முடிவாகும். அதுக்கு கட்டி ஒடம்புல இருந்து வெளிய வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள பார்மலினுக்குள்ள போயிரணும், அதுவும் 6 மணி நேரத்துக்குக் கொறையாம 72 மணி நேரத்துக்கு மேல போகாம ஊறணும்னு கைடுலைன் இருக்கு. இதை விட்டுட்டா ரிசப்டர் இருக்குற பொம்பளைக்கு இல்லைன்னு வரலாம். அப்ப அந்தம்மாவுக்கு கெடைக்க வேண்டிய மாத்திரை கெடைக்காமயே போயிரும். பார்மலின் ஒண்ணும் தங்கம் இல்ல. தியேட்டர்ல ஒரு கேன் வாங்கி வைக்கிறதுக்கு இவங்களுக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல.

ஃப்ரோசன் செக்சன் இன்னொரு உலகம். நோயாளி டேபிள்ல தெறந்த வயித்தோட கெடப்பாங்க, சர்ஜன் ஒரு துண்டு அனுப்பிட்டு போன்ல நிப்பாரு, "மேடம் மார்ஜின் க்ளியரா?" வெட்டுன ஓரத்துல கட்டி மிச்சம் இருக்கான்னு கேக்குறாரு. அதுக்கு பார்மலின் எல்லாம் கெடையாது, பச்சைத் திசுவ கிரையோஸ்டாட்ல மைனஸ் 20 டிகிரி வாக்குல ஒறைய வச்சு அங்கயே சீவி, அவசரமா ஸ்டெய்ன் பண்ணி, 20 நிமிஷத்துல பதில் சொல்லணும். கொழுப்பு சீக்கிரம் ஒறையாது, சுருண்டுக்கும், கிழிஞ்சுக்கும், டெக்னீசியன் அண்ணன் அப்ப மூச்சுக் கூட விடமாட்டாரு. அந்த 20 நிமிஷம் நல்லா பண்ற டெக்னீசியன் இல்லேன்னா நாங்க ஒண்ணுமே இல்ல, ஆனா அவரு பேர எந்த ஆராய்ச்சிப் பேப்பர்லயும் ஆத்தர் லிஸ்ட்ல பாக்க முடியாது.

சைட்டாலஜி ஊசி போட்டு உறிஞ்சி பாக்குற எஃப்என்ஏசி, கர்ப்பப்பை வாயில செல்ல தடவி எடுக்குற பாப் ஸ்மியர் எல்லாம். கழுத்துக் கட்டின்னு வர்றவங்ககிட்ட நேருக்கு நேரா பேசுற பேத்தாலஜி இதுதான். தைராய்டுக்கு பெத்தெஸ்டான்னு ஆறு கேட்டகிரி வச்சு சொல்லுவோம், அதுல மூணாவதுல விழுந்தவங்களுக்கு வெளக்கம் சொல்றதுதான் பெரும்பாடு, "புத்துநோயும் இல்ல, இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது"ன்னா யாருக்குத்தான் தூக்கம் வரும்.

ஹிமட்டாலஜி எனக்கு ரொம்பப் புடிச்சது, ஆனா நான் அந்தப் பக்கம் போகல. மழை முடிஞ்சு டெங்கு சீசன் வந்துட்டா பிளேட்லெட் பைத்தியம் புடிச்சிரும் ஊரே. ஒரு பையனுக்கு மெஷின்ல 40 ஆயிரம்னு வருது, அம்மா ஒரு கையில பப்பாளி எலைச் சாறு இன்னொரு கையில நிலவேம்பு கசாயத்தோட அழுதுக்கிட்டு நிக்குது. ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு சொட்டு ரத்தத்த கண்ணாடில தேச்சுப் பாத்தா பிளேட்லெட்டெல்லாம் கும்பல் கும்பலா ஒட்டிக்கிட்டு கெடக்கு. அந்த ஊதா மூடி ட்யூப்ல இருக்குற இடிடிஏதான் சில பேரு ரத்தத்துல இப்புடி ஒட்ட வச்சிரும், மெஷின் அந்தக் கும்பல எண்ணத் தெரியாம கொறைவா சொல்லும். சிட்ரேட் ட்யூப்ல திரும்ப எடுத்து, அதுல இருக்குற மருந்துத் தண்ணிக்காக 1.1ஆல பெருக்கிப் பாத்தா நல்லாவே இருக்கு. ஒரு கண்ணாடித் துண்ட கண்ணால பாக்காம விட்டிருந்தா அந்தப் பையனுக்கு சும்மா பிளேட்லெட் ஏத்தியிருப்பாங்க. பிளேட்லெட் பை 5 நாள்தான் தாங்கும், 20ல இருந்து 24 டிகிரில ஆட்டிக்கிட்டே வச்சிருக்கணும், அத இப்புடி வீணாக்குனா, நிஜமா தேவைப்படுறவன் ஒருத்தன் எங்கயோ காத்துக்கிட்டு இருப்பான்.

அதே மாதிரி ஏபிஎம்எல்னு ஒரு வகை ரத்தப் புத்துநோய். ஸ்மியர்ல ப்ரோமைலோசைட்டுங்குற முத்தாத வெள்ளை அணு, உள்ள குச்சி குச்சியா ஆவர் ராட் கட்டுக் கட்டா. இத பாத்த உடனே ரிப்போர்ட் டைப் பண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது, போனத் தூக்கணும். ரத்தம் ஒறையாம கசிஞ்சு மூளைக்குள்ள போயி ஆளையே முடிச்சிரும், ஆனா அட்ராங்குற மாத்திரைய சந்தேகத்துலயே ஆரம்பிச்சிட்டா இதுதான் லுக்கீமியாலயே நல்லா கொணமாகுற வகை. ராத்திரி டியூட்டில ஸ்மியர் பாக்குற பிஜி பையன் போட்ட ஒரு போன்ல ஆள் பொழைக்கிறது இங்கதான். ஹிமட்டோபேத்தாலஜில எம்டிக்கு மேல படிக்கிற டிஎம் தனியா இருக்கு, சண்டிகர் பிஜிஐ மாதிரி எடத்துல, எண்ட்ரன்ஸ் கஷ்டம், ஆனா ஆச இருந்தா போங்க.

கிட்னி பேத்தாலஜி இருக்கு, ஒரு நூல் அளவு துண்டுல லைட் மைக்ராஸ்கோப், இம்யூனோஃப்ளோரசன்ஸ், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்னு மூணுக்கும் பங்கு வைக்கணும். ஸ்கின் பேத்தாலஜி, அதுல தொழுநோய்க்கு ஃபைட் ஃபராகோ போட்டு செவப்புக் குச்சியத் தேடுறதுன்னே ஒரு பொழுது போகும். நியூரோ, சாஃப்ட் டிஷ்யூ, மாலிகுலர்னு போயிக்கிட்டே இருக்கும். மாலிகுலர்தான் இப்ப எல்லாருக்கும் மவுசு. வேணாம்னு சொல்லல. ஆனா எச் அண்ட் இ ஸ்லைடு படிக்கத் தெரியாம ஜீன் எழுத்தப் படிக்கிற சீக்வன்சிங் ரிப்போர்ட் படிக்கப் போறது கோயிலுக்குள்ள போகாமயே பிரசாதம் கேக்குறதுதான்.

சரி, இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். ரிசர்ச்.

பிஜில சேந்த ஆறு மாசத்துல தீசிஸ் டாபிக் குடுக்கணும், எத்திக்ஸ் கமிட்டில உக்காந்து பதில் சொல்லணும். அப்ப எல்லாப் பசங்களும் பண்ற ஒரே வேலை, நெட்ல வெளிநாட்டுப் பேப்பர் ஒண்ண எறக்கி, கட்டி பேர மட்டும் மாத்தி, "கி-67 எக்ஸ்பிரஷன் இன்" அப்புடின்னு ஆரம்பிக்கிறது. லைப்ரரில போயி தீசிஸ் அலமாரியத் தெறந்தா கி-67 கி-67னு முதுகுல தங்க எழுத்து மின்னும். கி-67 மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல, செல்லு எம்புட்டு வேகமா பெருகுதுன்னு காட்டுற நல்ல மார்க்கர்தான். ஆனா அத ஓஹையோல எண்ணுனாலும் ஒண்ணுதான், ஒத்தக்கடைல எண்ணுனாலும் ஒண்ணுதான். மதுரைல இருந்துக்கிட்டு மதுரைல மட்டும் கேக்க முடியுற கேள்வி எதுன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

அப்புடி ஒரு கேள்வி நம்ம ஊர் பேர்லயே இருக்கு. மதுரா ஃபுட். 1842ல மதுரை டிஸ்பென்சரில இருந்த கில்னு ஒரு வெள்ளக்கார டாக்டர், இந்தப் பக்கத்து வெவசாயிங்க கால் வீங்கி, ஓட்டை ஓட்டையா சீழ் வடிஞ்சு, உருமாறிப் போறதப் பத்தி எழுதினாரு. அதுல இருந்துதான் அந்தப் பேரு நெலச்சது. பின்னாடி பம்பாய்ல இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் இதுக்குக் காரணம் காளான், அதாவது பூஞ்சைன்னு சொல்லி மைசெட்டோமான்னு பேரு வச்சாரு. நாமெல்லாம் ஃபர்ஸ்ட் இயர்ல சொமந்த கிரேஸ் அனாட்டமிக்குப் படம் வரைஞ்ச அதே கார்ட்டர்தான். அந்தக் காளான் பேரு மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ். இதே நோயக் குடுக்குற ஒரு பாக்டீரியா பேரு ஆக்டினோமதுரா மதுரே, ஒரே பேர்ல ரெண்டு தடவ நம்ம ஊரு. ஒலக சுகாதார நிறுவனம் 2016லதான் இத கண்டுக்காம விட்ட வெப்பமண்டல நோய் லிஸ்ட்ல சேத்தாங்க.

இதுல பேத்தாலஜி எங்க வருதுன்னா, எல்லாமே பேத்தாலஜிதான். வெறுங்கால்ல காட்டுல நடக்குறப்ப கருவேல முள்ளு குத்துது, முள்ளோட மண்ணுல இருக்குற கிருமி உள்ள போகுது, வலிக்காது, அதான் வில்லங்கம். வருஷக் கணக்குல சும்மா வீக்கமா இருக்கும், மனுசன் வேலைக்குப் போயிக்கிட்டே இருப்பாரு, எலும்பு வரைக்கும் போனதுக்கு அப்புறம்தான் வருவாரு. ஒரு தடவ பரமக்குடிப் பக்கத்துல இருந்து வந்த ஒரு தாத்தாவோட பாதம் கிராசிங்குக்கு வந்துச்சு. நீளவாக்குல வெட்டுனா உள்ள சதை, கொழுப்பு, எலும்புன்னு தனித்தனியா தெரியவே இல்ல, பூரா வெளுத்த நார், நடுநடுவுல குழி, ஒவ்வொரு குழிக்குள்ளயும் கருகருன்னு கடுகு சைசுல மணி. கத்தி அதுல படுறப்ப நறநறன்னு சத்தம் கேக்கும். பக்கத்துல நின்ன பிஜி பொண்ணு ஃபோர்செப்ஸால ஒண்ண எடுத்து சின்ன டப்பால போட்டு மைக்ரோபயாலஜிக்கு ஓடுச்சு, ஏன்னா பார்மலின் பட்டுட்டா கிருமிய வளத்துப் பாக்குற கல்ச்சர் வராது.

அந்த மணியோட கலருதான் மொதல் துப்பு. கருப்புன்னா கிட்டத்தட்ட காளான்தான். செவப்புன்னா பாக்டீரியா. வெள்ளையோ மஞ்சளோ வந்தா ரெண்டுல எதுவாவும் இருக்கலாம், அங்கதான் ஸ்லைடு பேசணும். காளானா இருந்தா தடிச்ச இழை, சில்வர் ஸ்டெய்ன்ல கருப்பா கெளம்பி வரும், பிஏஎஸ்ங்குற இன்னொரு சாயத்துல மஜெண்டா. பாக்டீரியாவா இருந்தா ஒரு மைக்ரான் கூட இல்லாத நூலு, கிராம் ஸ்டெய்ன்ல நீலமா. சுத்தி நியூட்ரோஃபில்ங்குற வெள்ளை அணு மொய்க்கும், மணியோட ஓரத்துல இயோசின் ஏறி ரோஸ் கலர்ல ஸ்ப்ளெண்டோர் ஹோப்ளி பார்டர் கட்டியிருக்கும். பாக்க அழகுதான், அந்த தாத்தாவ நெனைக்காத வரைக்கும். ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது ஏட்டுப் படிப்புக்காக இல்ல. பாக்டீரியான்னா கோட்ரிமாக்சசோல், அமிகாசின்னு ஆன்டிபயாட்டிக்லயே பெரும்பாலும் காலக் காப்பாத்திரலாம். காளான்னா மாசக்கணக்குல, வருஷக்கணக்குல இட்ராகோனசோல், கூட ஆபரேஷன், அப்பயும் திரும்ப வரும். ஸ்லைடப் பாத்து நாங்க எழுதுற ஒரு வரிலதான் ஒருத்தர் காலு இருக்கு.

இப்ப நான் கேக்குறேன். இந்த நோய்க்கு ஒலகத்துலயே பெரிய ஆராய்ச்சி மையம் எங்க இருந்துச்சு தெரியுமா? 1991ல ஆரம்பிச்சு, சூடான்ல கார்ட்டூம்ல. புது மருந்து ஃபோஸ்ராவுகோனசோல் ட்ரையல் நடந்தது அங்கதான். ஏழை நாடு, சண்ட சச்சரவு, ஆனா வர்ற நோயாளிய முறையா பதிஞ்சு, திசுவ பத்திரமா வச்சு, ஒலகமே வந்து கத்துக்கிற அளவுக்குப் பண்ணாங்க. பேரு நம்மளது, வேல அவங்களது. இதுல வெக்கப்படணுமா பொறாமைப்படணுமான்னு எனக்கே தெரியல, ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பட்டுக்குறேன்.

அடுத்தது நம்ம கண்மாய். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துல இஎன்டி பாக்குற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, மூக்குல ரத்தம் வருதுன்னு ஒரு எளவட்டப் பையன் வருவான், உள்ள பாத்தா செக்கச்செவேல்னு ஒரு சதை, தொட்டாலே ரத்தம், மேல பொடிப் பொடியா வெள்ளப் புள்ளி. ரைனோஸ்போரிடியோசிஸ். கண்மாய்லயும் ஊருணிலயும் குளிக்கிறவங்களுக்கு வர்றது, அதே தண்ணில ஆடு மாடும் குளிக்கும். அந்த வெள்ளப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு ஸ்போராஞ்சியம், அதாவது கிருமியோட வித்துப் பை, சில நூறு மைக்ரான் வரைக்கும் வளரும், அதான் மைக்ராஸ்கோப் இல்லாமயே கண்ணுக்குத் தெரியுது. ஸ்லைடுல பாத்தா தடிச்ச சொவரு, உள்ள ஆயிரக்கணக்குல எண்டோஸ்போருங்குற குட்டி வித்து நெரிஞ்சு கெடக்கும், ஒரு எடத்துல சொவரு ஒடைஞ்சு வெளிய கொட்டும். எந்த ஸ்பெஷல் ஸ்டெய்னும் வேணாம், சாதா எச் அண்ட் இ போதும், எக்ஸாம்ல வெச்சா செகண்ட் இயர் பையன் கூட சொல்லிருவான்.

ஆனா சொல்லிட்டா போதுமா? 1900ல புவனஸ் அயர்ஸ்ல சீபர்ங்குறவரு இத மொதமொதல்ல எழுதினாரு. பின்னாடி ரொம்ப வருஷம் காளான்னே நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. 1999, 2000 வாக்குல ரைபோசோம் ஜீன சீக்வன்ஸ் பண்ணிப் பாத்தா இது காளானே இல்ல, மீனுக்கு நோயக் குடுக்குற ஒட்டுண்ணிங்க கூட்டத்துல போயி சேருது. லேப்ல சாதாரணமா வளக்க முடியாது, அதனால எந்த மருந்துக்கு சாகும்னு டெஸ்ட் பண்றதுக்கும் வழி கஷ்டம். அடியோட வெட்டி எடுத்து அடிப்பாகத்தக் கரண்ட்ல பொசுக்குறதுதான் வைத்தியம், டாப்சோன் மாத்திரை கொஞ்சம் கை குடுக்கும், ஆனாலும் திரும்பித் திரும்பி வரும். ஒரே கண்மாய்ல ஊரே குளிக்குது, ஒருத்தனுக்கு வருது, அவன் அண்ணனுக்கு வரல, ஏன்? எந்தக் கண்மாய்? தண்ணி வத்துற மாசத்துல கூடவா? போர் தண்ணி வந்ததுக்கு அப்புறம் கொறஞ்சிருக்கா? இதுல ஒரு கேள்விக்குக் கூட நியூயார்க்ல ஒக்காந்து பதில் சொல்ல முடியாதுல்ல.

இதுக்கு கோடி ரூபா மெஷின் வேணாம். எந்த காலேஜ் பேத்தாலஜிலயும் பிளாக் ரூம்னு ஒண்ணு இருக்கும், மெழுகுக் கட்டிங்க வருஷ வாரியா ட்ராயர்ல அடுக்கி, வெயில் காலத்துல உள்ள போனா மெழுகு வாசம் மூக்கத் தொளைக்கும், எறும்பும் கரப்பானும் போக மீதி நமக்கு. அந்த மெழுகுக்குள்ள இருக்குற திசு பல வருஷம் கழிச்சும் கெடாது, புதுசா சீவி ஸ்டெய்ன் பண்ணலாம், டிஎன்ஏ கூட எடுக்கலாம், துண்டு துண்டா ஒடைஞ்சு போயிருக்கும், ஆனாலும் டிஎன்ஏவ பெருக்கிப் பாக்குற பிசிஆருக்கு ஆகும். வெளிநாட்டுக்காரன் பணம் கட்டி சேக்குற மெட்டீரியல் நம்ம ட்ராயர்ல சும்மா கெடக்கு. ஆனா ஒரு எடத்துல போயி முட்டி நின்னுருது.

ரெக்விசிஷன் ஃபார்ம். ஸ்பெசிமனோட வர்ற சீட்டு. அதுல பேரு, வயசு, ஓபி நம்பர் இருக்கும், "நேசல் மாஸ் ஃபார் ஹெச்பிஇ" (மூக்குக் கட்டி, திசுப் பரிசோதனைக்கு)ன்னு ஒரு வரி இருக்கும், கீழ கிறுக்கலா ஒரு கையெழுத்து. ஊரு இல்ல. தொழில் இல்ல. எங்க குளிக்கிறாருன்னு இல்ல. மதுரா ஃபுட் கேசுக்கு எத்தன வருஷமா வீக்கம்னு இல்ல, மணி வெளிய வந்துச்சா, என்ன கலருன்னு இல்ல, இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஆச்சான்னு இல்ல. பிளாக் இருக்கு, ஸ்லைடு இருக்கு, அந்த ஆள் எந்தத் தண்ணில குளிச்சாருங்குறது மட்டும் அவரோடயே டிஸ்சார்ஜ் ஆகி பஸ் ஏறிப் போயிருச்சு. பழைய ரெஜிஸ்டரப் பொரட்டி டயக்னோசிஸ எண்ணலாம், வயசு வாரியா டேபிள் போடலாம், அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அதனாலதான் நம்ம பேப்பர் எல்லாமே "எங்க ஆஸ்பத்திரில இத்தன கேஸ்"ங்குறதோட நின்னு போகுது.

அதனால "என்ன ஸ்பெஷலைஸ் பண்ணலாம் அக்கா"ன்னு கேக்குற பசங்களுக்கு என் பதில், ஒங்க கிராசிங் டேபிளுக்கு அடிக்கடி எது வருதோ அதுல பண்ணுங்கப்பா. கேன்சர் ஆஸ்பத்திரில சீட் கெடச்சா ஆன்கோ பாருங்க, கிட்னி மாத்துற எடம்னா ரீனல் பாருங்க, ஹிமட்டாலஜிஸ்ட் ஒருத்தரு நல்லா மாட்டுனா அவர விடாதீங்க. தெக்க எங்கயாச்சும் சீட் கெடச்சு, "இங்க ஒண்ணுமே இல்லையே"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்கன்னா, இன்ஃபெக்ஷியஸ் டிசீஸ் பேத்தாலஜின்னு ஒரு ஸ்பெஷாலிட்டி இருக்கு, இந்தியால அதுக்குன்னு ஆளு கம்மி, ஒங்க வாசல்லயே கேசு நிக்கிது. சம்பளத்துக்கு என்ன வழின்னு கேப்பீங்க, அது நியாயமான கேள்விதான். டவுன்ல ப்ரைவேட் லேப்ல சாயங்காலம் உக்காந்தா குடும்பம் ஓடிரும், ஆனா பகல்ல காலேஜ்ல பாக்குற மாதிரி கேஸு அங்க கெடைக்காது, ரெண்டையும் வச்சுக்குங்க.

நாங்க இப்ப சின்னதா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். பெருசா ப்ராஜெக்ட் ஃபண்டு எல்லாம் இல்ல. ரெக்விசிஷன் ஃபார்ம் பின்னாடி ஒட்டுறதுக்கு கால் பக்க சீட்டு ஒண்ணு ஜெராக்ஸ் போட்டு இஎன்டி வார்டுக்கும் சர்ஜரி வார்டுக்கும் குடுத்திருக்கோம். இஎன்டில ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி, "மேடம் இதுல என்ன எழுதுறது, பேஷண்ட் கண்மாய்னு சொன்னா கண்மாய்னே எழுதவா, எந்தக் கண்மாய்னு கேக்கணுமா"ன்னு வந்து நின்னான். எந்தக் கண்மாய்னு கேளுப்பா, பேர அவங்க சொல்ற மாதிரியே தமிழ்ல எழுது, கூட யாரு யாரு குளிப்பாங்கன்னு கேளு, வீட்டுல வேற யாருக்காச்சும் மூக்குல ரத்தம் வந்துச்சான்னு கேளுன்னு சொல்லி அனுப்புனேன். மறுநா வந்த சீட்டுல ஊரு பேரு, கண்மாய் பேரு, அதோட "மாடு கழுவும்போது முங்கிக் குளிப்பார், சித்தப்பா மகனுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆபரேஷன்"னு எழுதியிருந்தான். இந்தச் சுத்துல இஎன்டி, சர்ஜரி, ஸ்கின் டிபார்ட்மெண்ட்ல யாராச்சும் இதப் படிச்சீங்கன்னா மெசேஜ் பண்ணுங்க, சீட்டோட பிடிஎஃப் அனுப்புறேன். பார்மலின் இல்லேன்னா அதையும் சொல்லுங்க, ஒரு கேன் நாங்களே குடுத்து விடுறோம், தயவு செஞ்சு சலைன்ல மட்டும் போட்டு அனுப்பாதீங்க.